கரண்ட்டு மேஸ்திரியின் மூன்று இன்ஜின்கள்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் பலர் இருக்கலாம். அதன் மானத்தை வாங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆம்பூரில் நான் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியில் அவர் மேஸ்திரியாக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கரண்ட்டு மேஸ்திரி.

ஷெட்டுக்கு விளக்கெரிக்கும் எண்ணெய் இன்ஜினையும் டைனமோவையும் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. துடைத்தோமா, எண்ணெய் விட்டோமா என்று இருந்திருந்தால் ஊருக்கு நல்லது. பட்டணத்தில் தாம்பரத்துக்குக் கரண்ட்டு ரயில் விட்ட புதிதில், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கென்று போனவர், கல்யாண வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் எழும்பூர் ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ரைட்டரே, பொகை இல்ல, கரி இல்ல. மேல கம்பியத் தொட்டுக்கினு சும்மா போவுது. நம்ம டேனரிக்கு அதே மாதிரி செய்யப் போறேன். ஒண்ணு இல்ல. ரயில்வேல ஒரே ஜாடைல பல இன்ஜின் செஞ்சி, அதுக்கு ஒரு கிளாஸுனு பேர் வெக்கிறான். அந்த மாதிரி ஒரு கிளாஸ்."

"அது இழுக்கறதுக்கு நம்மகிட்ட இன்னா இருக்குது மேஸ்திரி?"

"டிராலி இருக்குதில்ல?"

இருந்தது. வாசலில் வண்டியிலிருந்து இறங்கும் உப்புத்தோல் கட்டுகளை ஊறப்போடும் தொட்டி வரை கொண்டுபோக, முற்றத்தில் ஒரு குட்டித் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு டிராலி. சின்னப்பனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் அதைப் பேசிக்கொண்டே தள்ளிவிடுவார்கள். ஒருவன் பீடியைப் பற்றவைத்தால் தொட்டி வந்துவிடும். எங்கள் ரயில்வே மொத்தமே அவ்வளவுதான்.

முதலாளி பாய் இளகிய மனசுக்காரர். பழைய மோட்டார் ஒன்றையும் கொஞ்சம் இரும்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேஸ்திரி அன்றைக்கே தள்ளுகிற நாலு பேரையும் கூப்பிட்டு, "டேய், மனுச இன்ஜினுங்களா, உங்க காலம் முடிஞ்சிபோச்சு" என்று அறிவித்தார்.

முதல் இன்ஜினுக்குத் தண்டவாளத்திலேயே கரண்ட்டைக் கொடுத்தார். எத்தனையோ காலமாக உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி ஊறிய தரை அது. கரண்ட்டு இன்ஜினுக்குப் போகாமல் முற்றம் முழுக்க உலாவப் போய்விட்டது. ஈரக்காலோடு தொட்டியோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் துள்ளினார்கள். இன்ஜின் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

"பாத்தீங்களா, கரண்ட்டு நல்லா வருது" என்றார் மேஸ்திரி. வெட்கம் என்ற சமாச்சாரமே அவருடைய உடம்பில் கிடையாது.

இரண்டாவது இன்ஜினுக்குத் தலைக்குமேல் கம்பி கட்டினார். கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவில் பீங்கான் கிண்ணம் வைப்பது உலக வழக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்கோ எதற்கும் தோல்தான். கதவுக் கீல் உடைந்தால் தோல் துண்டு, குடை கிழிந்தால் தோல் ஒட்டு. மேஸ்திரியும் கம்பியைத் தோல் வாரால் கட்டினார். "காஞ்ச தோல்ல கரண்ட்டு ஏறாது ரைட்டரே" என்று எனக்குப் பாடம் வேறு. உப்பு ஏறிய தோல் எங்கே காய்ந்தே கிடக்கும்? மார்கழிப் பனியில் அது நன்றாக நனைந்தது. கம்பத்தில் சாய்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்த முதலாளி பாய், வேப்பங்குச்சியோடு இரண்டு கஜம் தள்ளிப் போய் விழுந்தார்.

எழுந்த பாய் இளகவில்லை. "மேஸ்திரி, ஜாஸ்தி பேஜார் பண்ணிட்டே. அடுத்த வாரம் பட்டணத்து வியாபாரி வர்றாரு. அன்னிக்கி உன் இன்ஜின் லோடோட தொட்டி வரைக்கும் போவணும். போவலேன்னா ரூமக் காலி பண்ணிட்டுப் போய்க்கினே இரு. போச்சுன்னா, தள்றவங்கள சுண்ணாம்புக் குழிக்கு மாத்திடறேன்."

மேஸ்திரிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. டைனமோ பக்கத்து ரூம்தான் வீடு. வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளிலெல்லாம் ஏற்கெனவே கைவரிசையைக் காட்டிவிட்டு வந்தவர். இந்த வாசலைத் தாண்டினால் அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு ஆளும் இல்லை. தோலில் மயிர் உதிர ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியோ கையையும் காலையும் வேகவைத்துவிடும். ஆகவே இன்ஜின் படுத்துவிட வேண்டும் என்று நாலு பேரும் வேண்டிக்கொண்டார்கள். எனக்கு வேண்டுதல் தேவைப்படவில்லை. படுத்துவிடும் என்று தெரியும்.

மூன்றாவது இன்ஜினுக்குப் பீங்கான் வைத்தார். ஆனால் பழக்கம் விடுமா? மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பெல்ட்டு தோலில் போட்டார். முதல் இரண்டுக்கும் இதற்கும் ஒரு ஜாடையும் இல்லை. "கிளாஸ்" என்று மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாபாரி தொட்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாய் முற்றத்தின் நடுவில் நின்றார். டிராலியில் ஆள் உயரத்துக்குத் தோலை அடுக்கினார்கள். மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இன்ஜின் முன்னால் ஏறி நின்று மணி அடித்தார். வேடிக்கை பார்க்க நானும் சின்னப்பன் கூட்டமும் டிராலிக்குப் பின்னால் இடம் பிடித்திருந்தோம்.

வண்டி இரண்டு அடி போயிற்று. மூன்றாவது அடியில் பெல்ட்டு வழுக்கியது. மோட்டார் சத்தமாகச் சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை. மேஸ்திரி திரும்பவில்லை. மணியை மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

சின்னப்பன் பீடியைக் கீழே போட்டான். தோல் அடுக்கில் கை வைத்தான். மற்ற மூவரும் வைத்தார்கள். வண்டி அரை அடி அசைந்து மறுபடி நின்றது.

"சின்னப்பா, இது ஓடிச்சுன்னா சுண்ணாம்புக் குழிடா உனக்கு" என்றேன் மெதுவாக.

"அது அப்பறம் ரைட்டரே. வயசான ஆளு, எங்க போவாரு? நீங்களும் கையக் குடுங்க."

எனக்கு ஒரே எரிச்சல். அந்த மனிதர் மூட்டை முடிச்சோடு வாசலைத் தாண்டிப் போவதை நினைத்தால் அதைவிட எரிச்சலாக இருந்தது. வெள்ளை ஜிப்பாவை மடித்துவிட்டுக்கொண்டு நானும் தள்ளினேன். எங்களை பாய் பார்த்தார். வியாபாரி பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி மணியடித்துக்கொண்டு தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. தோல் அடுக்கு மறைத்ததால் எங்களைப் பார்க்காத வியாபாரி கை தட்டினார்.

சாயங்காலம் பாய் உத்தரவு போட்டார். "இன்ஜின் இருக்கட்டும். மேஸ்திரியும் இருக்கட்டும். சின்னப்பா, நீங்க நாலு பேரும் அது பின்னாலயே இருங்க. கரண்ட்டு வண்டி, பாதுகாப்புக்கு ஆள் வேணும்." நான் ஆம்பூரை விட்டு வரும்வரை அந்த இன்ஜின் அப்படித்தான் ஓடிற்று.

அன்றைக்கு விளக்கேற்றும் நேரத்தில் மேஸ்திரி என் மேஜைக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"இன்னா ரைட்டரே, எப்பவும் எதனா சொல்லுவியே. இப்ப சொல்லு."

உள்ளங்கையில் தோல் உரிந்து, உப்பு பட்டுக் காந்திக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"ஓடிச்சு மேஸ்திரி" என்றேன். "ரொம்ப நல்லா ஓடிச்சு."