விளக்கு டாக்டரின் அளவுக்கம்பி

விடிவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். வீங்கிய கன்னங்களும் ஆடும் பற்களும் படிக்கட்டுவரை நிற்கும். உள்ளே விளக்கு டாக்டர், கையில் நீல விளக்கு. சுவரில் பலகை: "கத்தி இல்லை, வலி இல்லை. ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது."

நிரூபித்தது யார்? டாக்டர். விளக்கை விற்பது யார்? அவரேதான். ஒரே ஆள் இத்தனை வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால் பாராட்டத்தானே வேண்டும்!

ஆராய்ச்சி எளிமையானது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டுப் பள்ளத்தின் ஆழத்தை அளப்பார். வாய்க்குள் நீல வெளிச்சம் அடிப்பார். மறுபடி அளப்பார். ஐந்து மில்லிமீட்டர் இரண்டாகிவிடும். குணமாகாதவர்கள் "சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள்" ஆகிவிடுவார்கள், கணக்கில் வரமாட்டார்கள். இப்படிக் கழித்துக் கழித்தே டாக்டர் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார்.

அந்த நூறில் ஓர் அக்காவும் உண்டு. வங்கி ஊழியர். கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. அவளுடைய தங்கை பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

"உள்ள சீழ் பிடிச்சிருக்குக்கா. இப்படியே விட்டா பக்கத்துப் பல்லும் போயிடும்."

"ரெண்டுக்கு வந்துடுச்சுன்னு டாக்டரே அளந்து சொல்லிட்டார். உனக்குப் பொறாமை."

"அளந்தது அவரா, அவரோட ஆசையா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பார்த்துடலாம். நான் சொல்ற வரைக்கும் நீ மட்டும் வாயைத் திறந்து பேசக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை. இலவச விளக்கக் கூட்டம், மண்டபம் நிறைந்திருந்தது. தங்கை எழுந்தாள்.

"திரைக்குப் பின்னாடி நான் விளக்கு அடிக்கிறேன் டாக்டர். உடம்பையும் முகத்தையும் துணியால மூடி, வாய் மட்டும் தெரியற மாதிரி ஆளை அனுப்பறேன். நீங்க அளந்து சொல்லுங்க."

"தாராளமா. யாருக்கு வெளிச்சம் பட்டுச்சுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடும்மா."

"எதுக்கு? கம்பி சொல்லாதா?"

"சொல்லும். இருந்தாலும் தெரிஞ்சு அளந்தாத்தான் துல்லியமா வரும்."

கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். "இவங்களுக்கு அடிச்சாச்சு" என்றாள் தங்கை. டாக்டர் கம்பியைப் பட்டும் படாமலும் வைத்தார்.

"ரெண்டு! ஈறு எப்படி இறுகியிருக்கு பாருங்க!"

நடுவில் வேறு சிலர் வந்து போனார்கள். கடைசி ஆளைக் காட்டி, "இவங்களுக்கு அடிக்கலை" என்றாள். இப்போது கம்பி கூச்சமில்லாமல் கீழே இறங்கியது. துணிக்குள்ளிருந்து ஒரு முனகல்.

"அஞ்சு! சீழ் வேற வருது. வெளிச்சம் படாத வாய் இப்படித்தான் இருக்கும்."

தங்கை துணியை விலக்கினாள். அக்கா.

"முதல்ல வந்ததும் நான்தான்" என்றாள் அக்கா. திரையருகே நின்ற டாக்டரின் நர்ஸும் வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

"ரெண்டு தடவையும் விளக்கை நான் போடவே இல்லை" என்றாள் தங்கை.

மாதக்கணக்காகப் பார்த்த வாய் அவருக்கு எப்படி அடையாளம் தெரியவில்லை என்று கேட்காதீர்கள். அவர் பார்த்ததெல்லாம் தான் எதிர்பார்த்ததை மட்டுமே.

"அது... கை கொஞ்சம் தவறிடுச்சு" என்றார் டாக்டர்.

"எந்தத் தடவை டாக்டர்?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

தங்கை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கம்பியை மேலாப்புல வெச்சா ரெண்டு, அடிவரைக்கும் விட்டா அஞ்சு. மனசு எதைத் தேடுதோ அதுக்குத் தகுந்த மாதிரி கை போகும். என் கையும் அப்படித்தான். அதனாலதான் அளக்கிறவங்களுக்கு யாருக்கு என்ன வைத்தியம்னு தெரியக் கூடாது. விட்டுட்டுப் போனவங்களையும் கணக்குல சேர்க்கணும்."

"அப்ப யாரைத்தாம்மா கண்ணை மூடிட்டு நம்பறது?" என்று ஒரு பெரியவர் பரிதாபமாகக் கேட்டார்.

"யாரையும் அப்படி நம்பாதீங்க. என்னையும்தான்."

அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என் பல்லு?"

"அஞ்சுதாங்கா. அதை எடுத்தாகணும். பக்கத்துப் பல்லைக் காப்பாத்திடலாம்."

அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

டாக்டர் சொன்னவுடன் வாயைத் திறந்தவர்கள்தான் அந்த மண்டபத்தில் எல்லோரும். கேள்வி கேட்பதற்காக ஒருவராவது முன்பே திறந்திருந்தால், அந்தப் பல் இன்றும் அக்காவின் வாயில் இருந்திருக்கும்.