ஒரு சாண் ஜீப்பு

"எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லு!"

"சத்தம் போடாதீங்க, சாமி காரியம்..."

"எந்தச் சாமி? நான் கேக்குறது ஜீப்பை. சாமி ரூமுக்குள்ள பித்தளைக் குண்டானைக் கவுத்தி வச்சிருந்தேன்ல..."

"ஆமா, குண்டானு. பத்து நாளா நாலு பேருக்குச் சோறு வடிக்க ஏனமில்லாம நான் அல்லாடுறது உங்களுக்குத் தெரியுமா?"

"ஏனத்தை விடுடி! ஏனத்துக்கு அடியில இருந்தது எங்க?"

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு" என்றாள் ஒச்சம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளைத்துரை கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தார். அவள் சண்டை போடுவாள், சட்டியை நங்கென்று வைப்பாள், அதெல்லாம் பழக்கம். பன்னிரண்டு வருஷத்தில் புருஷனைப் பார்த்து அவள் கண்கலங்கியதில்லை.

வெள்ளைத்துரை போடியில் ராஜாராம் முதலாளியின் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறவர். பகலெல்லாம் பச்சை குறைந்த காயைப் பொறுக்கி ஒதுக்குவார். வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் வண்டி ஒட்டுவார். சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா மகன் எப்போதாவது அட்டைப்பெட்டி அனுப்புவான்; உள்ளே நூறு துண்டுகளாகக் கிடக்கும் டாங்கியையோ லாரியையோ பசை தொட்டு ஒட்டி, அணில் வால் மயிர் மூன்றைக் குச்சியில் கட்டிச் சாயம் பூசுவார். நாற்பது வயதில் சொப்பு வைத்து விளையாடுகிறவர் என்று தெருவில் பேச்சு. அதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் இந்த ஜீப்பு அவருடையதில்லை. முதலாளியே சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது.

"நம்ம எஸ்டேட் ஜீப்பு மாதிரியே இருக்கணும், வெள்ளைத்துரை. அதே பச்சை, அதே நம்பர். இடது பக்கம் நசுங்கியிருக்குல்ல, அந்த நசுங்கலும் இருக்கணும். நானும் வீட்டுல அவங்களும் மெட்ராஸ் போறோம். ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை திரும்பி வர்றப்ப என் மேசை மேல இருக்கணும். கெடுத்து வச்சே, ஸ்டோர்ப் பக்கம் தலை காட்டாதே."

சொன்னதற்கு மேலேயே செய்திருந்தார். குரங்கணி மலை மண்ணை வேட்டித்துணியில் சலித்துப் பசையில் குழைத்துச் சக்கரத்தில் சேறு அப்பியிருந்தார். டீ டிகாக்‌ஷனில் துருக்கூட ஏற்றியாயிற்று. பின்னால் மாட்டுகிற உபரிச் சக்கரம் மட்டுந்தான் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் வந்து குண்டானைத் தூக்கினால், தரைதான் இருந்தது.

"ஒச்சம்மா, எங்கன்னு சொல்லு."

"பாறைக் கருப்பன் கோயில்ல வச்சாச்சு."

"என்னது?"

"மறைக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும். பத்து நாளா கறி மீன் தொட்டீங்களா?"

தொடவில்லைதான். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் பிடிக்காது.

"குளிக்காம அதுகிட்டப் போனீங்களா?"

போகவில்லைதான். ஏலக்காய்த் தொலித் தூசி ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"என்னைய அந்தப் பக்கமே அண்ட விட்டீங்களா? வாயில துணியைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்களே, அதுக்குப் பேரு விரதம் இல்லாம என்னவாம்? போன மாசம் என் தம்பி ஓட்டிக்கிட்டு வந்த எஸ்டேட் ஜீப்பு பிரேக் பிடிக்காம எறங்கி, கருப்பன் வாசல்ல பாறையில முட்டித்தானே நின்னுச்சு? அதே ஜீப்பு, அதே நசுங்கல், அதே நம்பரு. என் தம்பி உசிருக்குத்தான் நேந்துக்கிட்டீங்கன்னு பார்த்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. நேந்ததை வெளிய சொல்லக்கூடாதேன்னு நானும் வாயைத் தொறக்கலை."

"அடியே, அது..."

"அவனை ஒரு நாளும் நீங்க நல்ல வார்த்தை சொன்னதில்லை. தடிப்பய, தண்டச்சோறும்பீங்க. மனசுக்குள்ள இம்புட்டு வச்சிருக்கீங்களே! நீங்க சோலிக்குப் போயிட்டீங்க, நாமளாச்சும் நேர்த்தியை முடிப்போம்னு இன்னைக்குக் கொண்டுபோய் வச்சிட்டேன். விரதம் முடிஞ்சுபோச்சு, கோழி அடிச்சிருக்கேன். ஒக்காருங்க."

மச்சினன் மொக்கச்சாமியைப் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் இலையில் வைத்த கோழிக்காலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குரங்கணி பஸ்சு. பாறைக் கருப்பன் கோயில் என்றால் ரோட்டு வளைவில் ஒரு பாறை, ஓர் அரிவாள், ஒரு தகரக் கூரை, ஒரு மணி. மலை ஏறுகிற ஜீப்பெல்லாம் அங்கே நின்று எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் போகும். அரிவாளுக்குக் கீழே, மண் குதிரைகளுக்கு நடுவில் அவருடைய ஜீப்பு நின்றது. பானட்டில் மூன்று பட்டை விபூதி. நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"ஐயோ" என்றார் வெள்ளைத்துரை.

"பார்த்ததும் உருகிட்டே பாரு" என்றார் பூசாரி ராக்கையா. "ஒம் பொஞ்சாதி எல்லாம் சொல்லுச்சு. மச்சினனுக்காக இப்படி யாரு செய்வா?"

"பூசாரியண்ணே, அது இன்னும் முடியலை. பின்னால ஒரு சக்கரம் மாட்டணும். கொறையோட சாமிக்கு வைக்கலாமா? எடுத்துக்கிட்டுப் போய் முடிச்சுக் கொண்டாந்துர்றேன்."

ராக்கையா முகம் மாறியது. "கொறையா? ஆகாது, ஆகாது."

"அதான் நானும்..."

"ஆனா வச்ச பொருளு எல்லை தாண்டக்கூடாது. போய்ச் சக்கரத்தைக் கொண்டா. இங்கனயே மாட்டு. வெரசா வா."

திரும்பி வீட்டுக்குப் போய்ச் சக்கரத்தையும் பசையையும் எடுத்துக்கொண்டு மதிய வெயிலில் வந்து, கருப்பன் முன்னால் மண்டி போட்டு ஒட்டினார். ஒட்டிய கையோடு பூசாரி அந்தச் சக்கரத்துக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

திங்கட்கிழமை வெள்ளைத்துரை சிலமலைக்குப் போனார். அங்கே மண் குதிரை செய்கிற திருப்பதி இருக்கிறார். பிளாஸ்டிக் ஜீப்புக்குப் பதில் மண் ஜீப்பு ஒன்றை வைத்துவிட்டால் கருப்பனுக்கும் குறையில்லை, தனக்கும் குறையில்லை.

"ஒரு சாண் நீளத்துல ஒரு ஜீப்பு வேணும் அண்ணே."

"ஜீப்பா? செஞ்சதில்லையே. எப்படி இருக்கும்?"

"மூஞ்சி தட்டையா இருக்கும். நடுவுல கம்பி கம்பியா நிக்கும். ரெண்டு பக்கமும் உருண்டையா வெளக்கு."

"போதும் போதும், புரிஞ்சுருச்சு. சூளை போட்டு எடுக்கணும், புதன்கிழமை வா."

புதன்கிழமை திருப்பதி சாக்கை விலக்கிக் காட்டினார். ஒரு சாண் கேட்டதற்கு இரண்டு முழம் இருந்தது. இரண்டு விளக்கும் இரண்டு கண்ணாகி முழித்தன. கம்பியெல்லாம் பல். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கால்.

"அண்ணே, கால் எதுக்கு?"

"சாமி ஏறிப் போற வாகனம். கால் இல்லாம எப்படிப்பா போகும்?"

"ஜீப்பு சக்கரத்துல போகுமே!"

"இந்த மலையில சக்கரத்துல போனதாலதானே ஒம் மச்சினன் பாறையில முட்டுனான்?"

வெள்ளைத்துரை பல்லிளித்த ஜீப்பைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்சில் ஏறினார். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட்டுக் கிழித்தார்.

"பூசாரியண்ணே, அந்தச் சின்னது பிளாஸ்டிக்கு, மண்ணெண்ணெயில செய்யுற சாமான். சாமிக்கு ஆகுமா? மண்ணுதான் மொறை. இதை வச்சுட்டு அதை எடுத்துர்றேன்."

ராக்கையா மண் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் பளபளத்தது. "ரெண்டாவது நேர்த்தியா? வெள்ளைத்துரை, நீ மனுசனே இல்லைப்பா. ரெண்டுமே இருக்கட்டும். சாமி ஏறிப் போக ஒண்ணு, துணைக்குப் பின்னால ஒண்ணு."

வியாழக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் காலை ரயிலில் முதலாளி இறங்குவார். வெள்ளைத்துரை ஒரு முடிவுக்கு வந்தார்.

பூசாரி கஞ்சி குடிக்கப் போகிற உச்சிவேளையில், மரவள்ளிக்கிழங்கு வாங்கிய மஞ்சப்பையோடு கோயில் வாசலில் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். பல்லிளித்த ஜீப்பு மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"கருப்பா, ஒனக்கு ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சின்ன ஜீப்பை எடுத்துக் கிழங்குக்கு மேலே வைத்துத் துண்டால் மூடினார். இரண்டு வளைவு இறங்குவதற்குள் பின்னால் ஹாரன் சத்தம்.

"மாமா! மாமோய்! ஏறுங்க, போடியில விடுறேன்."

மொக்கச்சாமி. முன்னெல்லாம் மாமாவைக் கண்டால் ஜீப்பை வேகமாக விரட்டுகிறவன், இப்போது இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டான்.

"அக்கா எல்லாம் சொல்லுச்சு மாமா. ஒண்ணுக்கு ரெண்டு நேர்த்தியாம்ல. எங்கப்பன்கூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லை."

"ரோட்டைப் பாரு மாப்ளே."

"பையில என்ன மாமா?"

"கெழங்கு."

"குரங்கணிக் கெழங்கா? ரெண்டு குடுங்க." ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பைக்குள் விட வந்தான்.

"கையை எடு!"

"ரெண்டே ரெண்டு மாமா..."

"கையை எடுடா தடிப்பயலே! போன மாசம் முட்டுனது பத்தலையா?"

மொக்கச்சாமி கையை எடுத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "என் மேல இம்புட்டு அக்கறையா மாமா?"

ஸ்டோருக்கு வந்து மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து குங்குமத்தைத் துடைத்தார். மண்ணெண்ணெய் தொட்டால் பானட் முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது. அதன் மேல் பச்சை பூசி, பழைய வண்டியாகத் தெரிய மறுபடி டீ டிகாக்‌ஷன் பூசி, முதலாளி மேசை மேல் வைத்து அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் தெருவே நின்றது.

ஒச்சம்மாள் தாம்பாளத்தில் ஆரத்தியோடு நின்றாள்.

"என்னடி இது?"

"நீங்க செஞ்ச ஜீப்புல கருப்பன் ஏறிப் போயிட்டாராம்!"

"யாரு சொன்னா?"

"பூசாரியே சொன்னாரு. கஞ்சி குடிச்சுட்டு வந்து பார்த்தா, மண் ஜீப்பு நிக்குதாம், இதைக் காணோமாம். பூட்டு கதவு எதுவுமில்லாத கோயில்ல இத்தனை வருசத்துல ஒரு எலுமிச்சம்பழம் தொலைஞ்சதில்லை. எவன் அங்க திருடுவான்?"

மொக்கச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "சேதி கேட்டதும் மறுபடி ஓடிப்போய் நானே பார்த்தேன் மாமா! கோயில் வாசல்லருந்து மலைப்பக்கமா நாலு சக்கரத் தடம். என் சுண்டுவெரல் அகலந்தான் இருக்கும். கொஞ்ச தூரம் போச்சு, அப்புறம் காணோம். பறந்துட்டாரு."

"நீ... பார்த்தியா?"

"சத்தியமா மாமா. பூசாரிகிட்டயும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை அந்த எடத்துல பொங்கல் வைக்கப் போறாங்க."

வெள்ளைத்துரைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒச்சம்மாள் ஆரத்தி சுற்றினாள். லாரி வைத்திருக்கிற ஒருவர் வந்து, தனக்கும் ஒரு சாணில் ஒரு லாரி செய்து தர முடியுமா, சாமிக்கு லோடு ஏற்ற உதவும் என்று கேட்டார். ஒரு பக்கம் நினைத்தால் நல்லதாகவே முடிந்திருந்தது. சாமிக்குக் குறையில்லை. பெண்டாட்டி முகத்தில் சிரிப்பு. ஜீப்பு முதலாளி மேசையில். முதலாளி அறைக்குள் தெருக்காரர் யாரும் போகப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியும் அவர் மனைவி வீரலட்சுமியும் ரயிலை விட்டு நேராக ஸ்டோருக்கே வந்தார்கள். ராஜாராம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேயப்பா! நசுங்கல்கூட அப்படியே இருக்குப்பா. இங்க பாரு வீரலட்சுமி, சேறு! துரு!"

"உங்க புண்ணியம் மொதலாளி" என்றார் வெள்ளைத்துரை.

வீரலட்சுமி ஜீப்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த மொக்கச்சாமி, அம்மாள் கையில் இருந்ததைப் பார்த்தான். பெட்டி அவன் கால் மேலேயே விழுந்தது. அவன் ஜீப்பையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பெட்டியை அப்பறம் எறக்கலாம், வண்டியைத் திருப்பு மொக்கச்சாமி" என்றாள் வீரலட்சுமி. "அன்னைக்குப் பிரேக் பிடிக்காம வண்டிக்குள்ள நாம மூணு பேரும் அலறுனப்பவே, நம்ம வண்டி மாதிரியே ஒண்ணு செஞ்சு வைக்கிறேன்னு பாறைக் கருப்பனுக்கு நேந்துக்கிட்டேன். வெள்ளைத்துரை, நீயும் ஏறுப்பா, செஞ்சவன் நீதானே, உன் கையாலயே பூசாரிகிட்டக் குடு."