பெரியப்பாவுக்கு ஒரு நீச்சல் குளம்

என் வாழ்க்கையின் ஆகப் பெரிய முட்டாள்தனம் ஸ்ரீவில்லிபுத்தூரில், வாய் நிறையப் பால்கோவா இருந்தபோது தோன்றியது. (பேசாமல் மென்று முழுங்கியிருக்கலாம்.)

பைக்கிலிருந்து விழுந்து வலது மூட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெரியப்பாவை, வாரத்துக்கு இரண்டு முறை ராஜபாளையத்திலிருந்து அங்கே பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது என் வேலை. வேறு வேலை எனக்கு இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, கோயம்புத்தூரில் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் இருந்து, அந்தக் கம்பெனி என் அறிவைத் தாங்காது என்று முடிவு செய்து ஊர் திரும்பியிருந்தேன். பெரியப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றைந்து கிலோ. வலது கால் மடங்காமல் உலக்கை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இடது காலும் அவ்வளவு யோக்கியமில்லை.

அன்று சிகிச்சை தரும் அம்மா தெளிவாகச் சொன்னார்: "நெஞ்சளவு தண்ணியில தினம் அரை மணி நேரம் நடந்தா ஒடம்பு பாரம் மூட்டுக்குப் போகாது. ஆறு மாசத்துக்குள்ள இளகிரணும். பொறவு இறுகிப்போச்சுன்னா அம்புட்டுதான்."

"நெஞ்சளவு தண்ணிக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார் பெரியப்பா.

நியாயமான கேள்வி. அய்யனார் கோவில் ஓடையில் மழை பெய்தால்தான் தண்ணீர். பெய்துவிட்டாலோ பாறை வழுக்கும். கண்மாயில் கால் வைத்தால் சேறு விடாது. இதையெல்லாம் பேசிக்கொண்டே வெளியே வந்து, கடை வாசலில் நின்று பால்கோவாவைப் பிரித்தோம். இரண்டாவது வாயில் எனக்கு அது தோன்றிவிட்டது.

"பெரியப்பா, வீட்டுக்குப் பின்னாடியே ஒரு நீச்சல் குளம் கட்டிருவோம்."

"ஏலே, நெசமாத்தான் சொல்றியா?"

"நான் இருக்கேன்ல?"

இந்த 'நான் இருக்கேன்ல' என்ற சொல்லை அதன் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெரியப்பா வீட்டின் பின்னால் மாட்டுத்தொழுவம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. ஒரு நல்ல கொத்தனாரை அன்றே கூப்பிட்டிருந்தால், தோண்டிக் கட்டிப் பூசி, இரண்டு மாதத்தில் பெரியப்பா தண்ணீரில் நடந்திருப்பார். ஆனால் நான் படித்தவன் இல்லையா? திட்டமிட்டேன். இரண்டு மாதம் திட்டமிட்டேன். உலகத்தில் உள்ள நீச்சல் குளக் காணொளிகளை எல்லாம் பார்த்து முடித்தேன். மணல் வடிகட்டிக்கும் காகித வடிகட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று சாப்பாட்டுப் பந்தியில் எதிர் இலைக்காரருக்கு விளக்கினேன். மோட்டார் ஒரு குதிரைத்திறனா ஒன்றரையா என்று எனக்கு நானே மூன்று நாள் சண்டை போட்டேன். சுவருக்குள் ஏழு நிறம் மாறும் விளக்கு, அதற்கு ரிமோட். மேற்குப் பக்கம் சின்ன அருவி. மிதக்கும் இலையை இழுத்துக்கொள்ளும் வாய் ஒன்றல்ல, இரண்டு. (பக்கத்தில் மரமே கிடையாது.)

எல்லாவற்றுக்கும் சிகரமாக, கணினியில் ஒரு முப்பரிமாணப் படத்தொகுப்பு செய்தேன். அறுபத்திரண்டு பக்கம். குடும்பத்தை உட்காரவைத்து டிவியில் போட்டுக் காட்டினேன். குளத்தோரம் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி சாய்ந்து படுத்திருந்தாள். அந்த மென்பொருளிலேயே வருகிறவள்.

"இது யாருலே?" என்றார் பெரியம்மா.

"சும்மா, ஒரு அளவுக்கு வச்சிருக்கேன் பெரியம்மா."

"அளவுக்கு வைக்க உங்க பெரியப்பா இல்லையா? அவியளுக்குத்தான கொளம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மென்பொருளில் பெரியப்பா மாதிரி உருவம் கிடையாது. இருந்த நாலைந்து ஒல்லிப் பொம்மைகளை மவுஸால் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் விடுவேன். நிற்கும். மறுபடி பிடித்து இழுத்து வெளியே வைப்பேன். நிற்கும். ஒருத்தராவது கால் எடுத்து வைத்து இறங்கியதில்லை. அதனால் எனக்கு அந்த விஷயமே தோன்றவில்லை.

செட்டியார்பட்டியிலிருந்து வந்த மாடசாமி கொத்தனாருக்குத் தோன்றியது. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படி எந்தப் பக்கம் தம்பி வருது?" என்றார்.

"படி வேண்டாம் அண்ணாச்சி. ஏணி. ஸ்டீல் ஏணி."

"பெரியவுகளுக்குத்தான கட்டுதோம்?"

"இருபது அடி நீளத்துல அஞ்சடிய படி தின்னுரும். பொறவு எங்க நடக்க?"

அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நான் அவருக்கு வடிகட்டியைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். நாலு பக்கமும் படி கட்டித்தான் தெப்பக்குளம் வெட்டுவார்கள். அப்படிப்பட்ட சீமையில் பிறந்து, ஏட்டுக்காக நான் கட்டியது செங்குத்தான நாலு சுவர்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிகிச்சையம்மா சொன்ன ஆறு மாதத்தில் நாலரை மாதம் போயிருந்தது. சொந்தபந்தம் முழுக்க வந்திருந்தது. பெரியம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தார். நான் ரிமோட்டை அமுக்கினேன். பட்டப்பகலில் ஏழு நிறமும் யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா பழைய காக்கி அரைக்கால் சட்டையும் துண்டுமாகத் தாங்குகட்டையை ஊன்றி வந்தார். குளத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு ஏணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் அருவியைப் பார்த்தேன்.

பெரியப்பாவின் மருமகன் முருகேசன் அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். "மாப்ள, மாமா எப்படி எறங்குவாக?"

விருந்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கொச்சைக்கயிறு கட்டினார்கள். சாமியைச் சப்பரத்தில் ஏற்றுகிற மாதிரி ஏட்டை ஏற்றி, நாலு பேர் மேலே நின்று, இரண்டு பேர் தண்ணீரில் நின்று, "விடு விடு விடு, பிடி பிடி" என்று இறக்கினார்கள். பாதியில் நாற்காலியின் ஒரு கால் ஒடிந்தது. மீதி தூரத்தைப் பெரியப்பா தானாகவே போய்ச் சேர்ந்தார்.

எழுந்து நின்றார். தண்ணீர் நெஞ்சளவு. (அந்த ஒரு கணக்கு சரியாக இருந்தது.) ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. தாங்குகட்டை இல்லை, ஆள் பிடிக்கவில்லை. சுவரைத் தொட்டுத் திரும்பினார். "எலேய், வலியே தெரியலடா!" என்று கத்தினார். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரை மணி நேரம் அவர் நடந்தார். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் என்றால் அந்த அரை மணி நேரம்தான்.

அப்புறம் அவர், "சரி, வெளிய வாரேன்" என்றார்.

ஏணியின் முதல் கம்பியில் இடது காலை வைத்து ஊன்றினார். தொண்ணூற்றைந்து கிலோவை அந்தக் கால் ஏற்க மறுத்தது. நீட்டிய வலது கால் கம்பியில் இடித்தது. "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டார். மேலே இருந்து இழுத்தார்கள். ஈர உடம்பு வழுக்கியது. கீழே இருந்து தள்ளினார்கள், தள்ளியவர்கள்தான் முங்கினார்கள். "தீயணைப்புக்குப் போன் போடுவமா?" என்று யாரோ கேட்க, "ஏட்டு வீட்டுக்குத் தீவண்டி வந்துச்சுன்னா ஊர் என்னத்தச் சொல்லும்?" என்றார் பெரியப்பா தண்ணீரில் நின்றபடியே.

இந்த இடத்தில் இன்ஜினியர் களத்தில் இறங்கினான். ஓடிப்போய் வால்வைத் திருப்பி மோட்டாரைப் போட்டேன். ஒன்றரைக் குதிரைத்திறன். தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாய்ந்தது. தண்ணீர் இருப்பதால்தான் அவரால் ஏற முடியவில்லை என்று எனக்கு எப்படித் தோன்றியது என்பதை இன்றும் என்னால் விளக்க முடியாது. தண்ணீர் இடுப்புக்கு இறங்கி, முழங்காலுக்கு இறங்கியது. பெரியப்பா இப்போது நாலரை அடிக் குழிக்குள், முழுப் பாரத்தோடு, ஒற்றைக் காலில் நின்றார்.

பெரியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே கூறுகெட்டவனே! தண்ணிய ஏத்திவிட்டா மொதந்து மேல வந்திருப்பாகல்ல! கெணத்துல விழுந்த மாட்டை எடுக்கத் தண்ணிய எறைச்சு ஊத்துவாகளா?"

வால்வைத் திருப்பினேன். போன தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. ஆழ்துளைக் கிணறோ விரல் தண்டிக்குத்தான் ஊற்றும்.

கடைசியில் மாடசாமி கொத்தனார், விருந்துக்கு வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குதித்தார். சுற்றுச்சுவருக்கு வாங்கி மிச்சமிருந்த சிமெண்ட் கல்லைக் கை மாற்றிக் கை மாற்றி இறக்கினார்கள். சுவரோரம் அடுக்கிப் படி கட்டினார். பெரியப்பா ஒடிந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கல் சுமந்தேன். பக்கத்தில் போனபோது, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"எய்யா, அறுபத்திரண்டு படம் போட்டியே. அதுல ஒண்ணுலயாவது என்னைய நெனச்சியா?"

கல் கனமாக இருந்தது. அடுக்குகிற இடத்தில் கொண்டுபோய் இறக்கினேன்.

அவர் படிப்படியாகப் பக்கவாட்டில் ஏறி, எல்லார் முன்னாலும் மூச்சு வாங்க வெளியே வந்தார். அதன் பிறகு அந்தக் குளத்தில் காலே வைக்கவில்லை. "படி வச்சுத் தாரேன் பெரியப்பா" என்று பல தடவை போனேன். "ஒருக்கா ஏட்டைக் குழியில எறக்குனது போதும்லே" என்றுவிட்டார். ஆறு மாதம் முடிந்தது. மூட்டு ஓரளவுக்கு இளகி அதோடு நின்றுபோனது. இப்போதும் தாங்குகட்டைதான். இரண்டு வருஷமாகக் குளத்தில் மழைத் தண்ணீரும் தவளைகளும். வடிகட்டி மட்டும் புதுசாக இருக்கிறது.

குடும்பத்தில் எந்தப் படியைப் பார்த்தாலும் என் பேர் வரும். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் முருகேசன் அத்தான் நின்றுகொண்டு, "மாமா, தைரியமா வாங்க, இது நம்ம இன்ஜினியர் கட்டுனதில்ல, படி இருக்கு!" என்று கத்தினார். அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்த பெரியப்பாவும் சிரித்தார். என் பக்கம் திரும்பாமல் சிரித்தார்.

அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்தேன். கிழக்குச் சுவரை உடைத்து, அரைச் சாண் உயரத்தில் அகலப் படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி. விளக்கு கிடையாது. அருவி கிடையாது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மூட்டு இனி இளகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் தண்ணீரில் வலி இல்லாமல் நடக்கலாமே.

"சரி, கட்டு" என்றார். "ஆனா மொதல்ல நீ எறங்கி ஏறணும். வலது காலை மடங்காம வரிஞ்சு கட்டிக்கிட்டு. முதுகுல ஒரு மூட்டை அரிசியோட. நான் மேல நாற்காலி போட்டு ஒக்காந்து பாப்பேன்."

திங்கட்கிழமை மாடசாமி கொத்தனார் வருகிறார். காலில் வைத்துக் கட்டும் பலகையை நானே அறுத்துவிட்டேன். அதை வரிந்து கட்டத் துண்டைப் பெரியம்மா எடுத்து வைத்திருக்கிறார். முடிச்சையும் அவரேதான் போடுவாராம்.