மூன்று நாள் ஃப்ரீசரில் இருந்த பாட்டுகள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மீதி இரண்டு என் தங்கையுடையவை. ஏழு பேருக்கும் அம்மை பார்த்தேன், ஏழு பேர் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார்களோடு சண்டை போட்டேன். அப்படிப்பட்ட என்னை, என் வீட்டுக் கூடத்திலேயே வாயை மூடி உட்கார வைத்த மனிதர் இந்தப் பெங்களூரில் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அடுகோடியில் ஐஸ் டாக்டர் என்று கேட்டால் கடையைக் காட்டுவார்கள்.

பெயரைக் கேட்டுவிட்டு ஃப்ரிட்ஜை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்பார். ஆனால் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் கதவைத் திறந்து ஃப்ரீசர் எவ்வளவு பெரிது என்று ஆசையாகப் பார்த்துக்கொள்வார். அவர் வைத்தியம் பார்த்தது கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு. மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த டிஸ்க்கை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஃப்ரீசரில் வைத்துவிடுவார். நன்றாகக் குளிர்ந்த பிறகு மாட்டினால் கால் மணி நேரம் ஓடும். அதற்குள் உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு அள்ளிக்கொள்ள வேண்டும். சூடானால் நின்றுபோகும். மறுபடியும் ஃப்ரீசர். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இதைக் கேட்டபோது, கருவாட்டை வைக்கிற இடத்தில் கம்ப்யூட்டரை வைக்கிறவனிடமா போய் மாட்டிக்கொண்டோம் என்றுதான் தோன்றியது.

மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கு இருந்த ஒரே சொத்து கேசட். கடையில் வாங்கியது பாதி, ரேடியோவில் பிடித்தது பாதி. ரேடியோவில் பிடிப்பது என்றால், ரேடியோவுக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பொத்தானை அமுக்குவது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. எங்கள் தொம்மலூர் வீட்டில் அது நடக்கிற காரியமா? குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் நான் கத்துவேன். பாட்டுக்கு நடுவில் என் குரல் விழும். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

கடைசி மகன் சேகர் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து அத்தனை கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். "இனிமே கேசட்டே வேணாம்மா" என்று அவன்தான் சொன்னான். நான் அதை நம்பினேன். வீட்டுக்காரர் சந்தாபுராவில் தன் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தார். பிளாஸ்டிக் சாமான்காரன் தெருவில் வந்தான். இரண்டு சாக்குக் கேசட்டைக் கொடுத்து, மூடி போட்ட ஒரு நீலப் பக்கெட் வாங்கினேன். நல்ல பக்கெட். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டினேன்.

நான்காம் நாள் கம்ப்யூட்டர் டிக் டிக் என்று பல்லைக் கடித்தது. பிறகு ஒன்றும் இல்லை.

சேகர் நிதானமாகத்தான் இருந்தான். "டிஸ்க் போயிடுச்சு. பரவால்லம்மா, கேசட்ல இருந்து மறுபடி ஏத்திக்கலாம்" என்றான்.

நான் பக்கெட்டைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். அப்புறம் அவன் நிதானமாக இல்லை.

அன்று வியாழக்கிழமை. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்புகிறார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, இன்னொன்றில் புரை விழுந்து, பொழுதெல்லாம் பாட்டு கேட்டே உட்கார்ந்திருக்கிற மனிதர். அவரிடம் என்னவென்று சொல்வேன்?

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சேகரோடு ஐஸ் டாக்டரிடம் ஓடினேன். அடுகோடிக் கடையில் இரண்டு பழைய ஃப்ரிட்ஜ். எதிரே டை கட்டிய ஆபீசர் ஒருவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். ஐஸ் டாக்டர் அவருக்குக் குச்சி ஐஸ் ஒன்று கொடுத்து, சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, கையில் கம்பளிக் கையுறை. எங்கள் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

"உயிர் இருக்கும்மா. ஆனா வார்டு ஃபுல்லு. திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமைக்கு என் உயிர் இருக்காது தம்பி."

"வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா?"

"இருக்கு."

"மீன் வைப்பீங்களா?"

"வைப்போம்."

"அதை மொதல்ல டிஸ்சார்ஜ் பண்ணுங்க. சாயங்காலம் வரேன்."

சொன்னபடி வந்தார். வந்ததும் ஃப்ரீசருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். இரண்டு முறை துடைக்க வைத்தார். டிஸ்க்கைக் கவரில் சுற்றி உள்ளே படுக்கவைத்து, கதவில் ஒரு துண்டைக் கட்டினார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் தொறக்கக்கூடாது" என்றார்.

"உள்ள பால் இருக்குப்பா."

"பேஷண்ட் பக்கத்துல பால் எதுக்கும்மா?"

மூன்று நாளும் கடுங்காப்பிதான். அவர் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டிலேயே பழியாகக் கிடந்தார். ஃப்ரிட்ஜ் குலுங்கும் என்று கூடத்தில் என்னை மெதுவாக நடக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மணி அடிக்கப் போனேன். "ஸ்வல்பம்மா, கொஞ்சம் மெல்ல, சாமிக்குக் கேக்கும்" என்றார்.

முதல் தடவை மாட்டியபோது பதினொரு நிமிஷம் ஓடி, எட்டுப் பாட்டு வந்தது. உள்ளே ஆயிரத்துக்கு மேல் இருந்தன. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இந்தக் கணக்கில் போனால், இதை எழுதிக்கொண்டிருக்கிற என் பேத்தி கீர்த்தியின் கல்யாணத்துக்குத்தான் முடியும். இந்த மனிதரோ நாற்காலியில் சாய்ந்து, வந்த பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அடுத்ததைப் போடுப்பா."

"டிஸ்க் இன்னும் ஜில்லாகலைம்மா. பாட்டு காப்பி ஆயிடுச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். என் காது சொல்லணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "பாட்டுப் பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

"நல்லா இருக்குங்க."

"கொஞ்சம் போடு. போன்லயே கேக்கறேன்."

"கரண்ட் இல்லைங்க."

சொல்லி முடிக்கவில்லை, ஐஸ் டாக்டர் எழுந்து போய், தலைக்கு மேல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். நான் போனை வைத்ததும், "பொய் சொன்னா முழுசா சொல்லணும்மா" என்றார். அந்த நிமிஷத்தில்தான் அவர் மேல் எனக்கு முதல்முதலாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சனிக்கிழமை நன்றாகப் போனது. ஒரு தடவைக்கு நாற்பது, ஐம்பது பாட்டு வந்தது. ஞாயிறு காலையில் டிஸ்க் முனக ஆரம்பித்தது. அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இன்னும் ஒரு வாட்டிதான் ஓடும்மா. அதுக்கு மேல தாங்காது. எதை எடுக்கட்டும்?"

சேகர் எல்லாவற்றையும் இரண்டு பங்காக வைத்திருந்தான். ஒன்று கடைப் பாட்டு, ஒன்று ரேடியோப் பாட்டு. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "கடையில வாங்கினதை எடு. அதுதான் சுத்தமா இருக்கும். ரேடியோவுல பிடிச்சது போனாப் போகட்டும்" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். அது போகவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. முப்பது வயதில் நான் போட்ட கூச்சல், எதிர்வீட்டுக்காரியோடு குடத்துக்கு அடித்த சண்டை, எல்லாம் அதில் இருந்தது. மருமகள்கள் வந்துபோகிற வீடு.

அவர் தலையை ஆட்டினார். மாட்டினார். டிஸ்க் ஓடியது. பதினான்கு நிமிஷம் நான் சுவர்க் கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கடைசியில் கர்ர் என்று ஒரு சத்தம். அத்தோடு சரி.

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்று சொல்லி ஒன்றைப் போட்டார். பாட்டு நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதியில், "தண்ணி வந்துருச்சு, எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டு வாங்க" என்று என் குரல் கூடத்தில் இடிந்து விழுந்தது.

ரேடியோப் பாட்டு.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன எடுத்திருக்கே? உனக்குக் காது இல்லையா?"

"காது இருக்கறதாலதான்மா எடுத்தேன். கடைப் பாட்டு சிவாஜிநகர்ல எந்தக் கடையிலயும் கெடைக்கும். இது எந்தக் கடையில கெடைக்கும்?"

"என் கூச்சலை யாருய்யா கேட்பாங்க?"

அவர் மத்தியானம் வரை ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் கேட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றியதும் தடவிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரில் யார் நலம் என்று ஒரு வார்த்தை இல்லை. "போடு" என்றார். கேசட், பக்கெட், டிஸ்க் என்று ஒன்று விடாமல் உளறிக் கொட்டினேன். கடைப் பாட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"தண்ணி வர்ற பாட்டு இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்" என்றார் ஐஸ் டாக்டர்.

"எத்தனை?"

"இருபத்தாறு. சண்டை நாலு."

"அப்ப சரி" என்று சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பக்கெட்டைக் கொண்டா, பார்ப்போம்" என்றார். மூடியைத் தட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு."

கிளம்பும்போது ஐஸ் டாக்டர் வாசலில் தயங்கி நின்றார்.

"அம்மா, அந்தத் தண்ணிப் பாட்டுல ஒண்ணை நான் எடுத்துக்கட்டுமா?"

"உனக்கு எதுக்குப்பா?"

"காலையில கடை திறக்கறப்போ போட்டுக்குவேன். யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும்."

எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் வந்து சொன்னார்கள், அடுகோடியில் காலை ஒன்பது மணிக்கு உங்கள் குரல் கேட்கிறது என்று. சிலர் குடத்தோடு வந்து ஏமாந்தும் போனார்களாம். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றும் ஃப்ரீசரில் மீன் வைக்கும்போது, ஒரு கையகலம் துடைத்துக் காலியாகவே விட்டு வைக்கிறேன். கையுறையோடு அவர் வந்து நின்றால் வார்டு ஃபுல்லு என்று சொல்லும்படி ஆகிவிடக்கூடாது.

கீர்த்தி, எழுதினது போதும், வா. இதை ஒரு தடவை சத்தமாகப் படி, உள்ளே தாத்தாவுக்குக் கேட்கட்டும். அந்தத் தண்ணி வர்ற இடம் வந்தால் மட்டும் நிறுத்து. அதை நான் சொல்கிறேன்.