ஆட்டையாம்பட்டி ரோட்டில் இன்னொரு அப்பா

அத்தை, வணக்கம் சொல்வதற்கு முன்பே ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடமும் வேண்டாம். அவர் ரயில்வே ஆபீசில் ஒருவரிடம் மட்டும் சொல்வார், மாலைக்குள் ஜங்ஷனில் வடை விற்பவர் வரைக்கும் தெரிந்துவிடும். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இனி முறைப்படி. மதிப்பிற்குரிய சூரமங்கலத்து அத்தை அவர்களுக்கு, வெண்ணந்தூரிலிருந்து உங்கள் தம்பி மகள், பத்தாம் வகுப்பு இலக்கியா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், பண்ணைக் கோழிகள் எல்லோரும் சுகம். இரண்டாவது கொட்டகைக் கோழிகளுக்கு மட்டும் லேசாகச் சளி. அங்கே நீங்களும் மாமாவும் உங்கள் முழங்காலும் சுகம்தானே?

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னிடம் போன் இல்லை. அப்பாவின் போனில் ஒருமுறை உங்களுக்கு மட்டும் அனுப்பிய ரகசியம் 'சபரி லேயர் பார்ம் தீவனம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்து, மக்காச்சோளம் விற்கிறவர்கள் எல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதனால்தான் கடிதம். கணக்குப் புத்தகத்துக்குள் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள் என்று நம்புகிறேன். காலையில் முட்டை வேன் ஓட்டிக்கொண்டு சேலம் வரும் தனசேகர் அண்ணன் இதை உங்கள் கையில் கொடுப்பார்.

விஷயம் என்னவென்றால், நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பைக்கை விற்கப்போகிறார்கள். எனக்குப் பதினெட்டு முடிந்ததும் அதை ஓட்டக் கற்றுத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். என் பெயரைக் கூட பெட்ரோல் டாங்குக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், சின்னதாக எழுதி வைத்திருக்கிறேன். இது ஒரு கஷ்டம். ஆனால் இதைவிடப் பயங்கரமான இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முதலில் காரைத் தாண்ட வேண்டும்.

அப்பா வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். நேரில் அதைவிடக் குள்ளம். எங்கள் பண்ணை நாய் அதற்கு மேலாக அந்தப் பக்கம் நிற்பவர்களை எட்டிப் பார்த்துக் குரைக்கும். வாங்கிய அன்றே குலதெய்வம் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோனோம். புது வண்டியில் குடும்பமே ஏறிப் போக வேண்டும் என்பது நம் வழக்கம், ஆனால் அதில் இருப்பதே இரண்டு சீட். அம்மாவைப் பட்டுப்புடவையோடு உட்கார வைத்துவிட்டு, நான் தனசேகர் அண்ணனின் வேனில் முட்டை அட்டைகளோடு பின்னால் போனேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது வரைக்கும் சரியாகத்தான் நடந்தது. பூசாரி பூசணிக்காயைச் சுற்றி முன்னால் உடைத்தார் பாருங்கள், லாரிக்கு உடைத்தே பழகிய கை. பாதிப் பூசணி உருண்டு காரின் மூக்குக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அப்பா தரையில் படுத்துக் கரண்டியால் தோண்டினார். அதற்குள் அம்மா இறங்கப் பார்த்தார், முடியவில்லை. பொங்கல் வைக்க வந்திருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்ததும் அம்மா புடவையை உதறிவிட்டு, "படுக்கறதுக்கு ஒரு ஆளு, எந்திரிக்கறதுக்கு ரெண்டாளு வேணும்னா, அது காருங்களா, ஆசுபத்திரிங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். பூசாரி சிரித்துவிட்டார். அப்பாவுக்கு அது இன்னமும் ஆறவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. வெண்ணந்தூருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் உள்ள வேகத்தடைகள் காரின் வயிற்றில் இடிக்கும். அதனால் நான் இரண்டு பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். தடை வந்தால் இறங்கிச் சக்கரங்களுக்கு நேராகப் பலகை போட வேண்டும். கார் ஏறி இறங்கியதும் பலகையைப் பொறுக்கிக்கொண்டு ஓடிப் போய் ஏற வேண்டும். பின்னால் வரும் டவுன் பஸ்ஸில் என் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். "இலக்கியா, பலகாரம் சாப்டியா?" என்று ஜன்னல் வழியாகக் கத்துவார்கள். பலகையும் காரும் சேர்ந்தால் பலகாரமாம். சனிக்கிழமை எனக்குச் சிறப்பு வகுப்பு என்பதால் அன்று மட்டும் அப்பாவே இறங்கி, போட்டு, ஏறி, தாண்டி, மறுபடி இறங்கிப் பொறுக்குவார். உலகத்திலேயே வேகமான காரில் ராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் பஸ் இரண்டு நடை போய் வந்துவிடும்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது அத்தை, வெகு நாளாக யோசிக்கிறேன். இப்படிப்பட்ட கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஏன் பைக்கும் வைத்திருக்கிறார்கள்? அப்பாவின் கூட்டத்தில் ஒருவரைக்கூட விதிவிலக்காகப் பார்க்கவில்லை. போர்வெல் வண்டி வைத்திருக்கும் திருச்செங்கோட்டு ராசப்பன் மாமாவிடம் மஞ்சள் கார் ஒன்றும், இடி இடிப்பது போல் சத்தம் போடும் பைக் ஒன்றும் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் எல்லோரும் பைபாஸ் டீக்கடையில் கூடுவார்கள். ஒரு வாரம் கார் சனி, மறுவாரம் பைக் சனி. கார் சனியன்று காரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு பைக்கைப் பற்றியே பேசுவார்களாம், பைக் சனியன்று காரைப் பற்றி. அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "காரு, ஊரு நம்மளப் பாக்கறதுக்கு சாமி. பைக்கு, நாம ஊரப் பாக்கறதுக்கு" என்றார். ராசப்பன் மாமாவைக் கேட்டேன். "கார்ல ஏசி இருக்குது கண்ணு, காத்து இல்ல" என்றார். அம்மாவைக் கேட்டேன். அம்மா கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன தெரியும், போய்ப் படி" என்றார். ஆனால் கடுகு கருகும் வரை ஜன்னல் வழியாக, பைக் நிற்கும் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ராசிபுரத்து வேகத்தடையில் காரின் அடிப்பாகம் கழன்று, அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அப்பா வந்து சேர்ந்த இரவு அது. "ஏனுங்க, இந்த ஊட்ல ரெண்டு கூத்து வேண்டாம். ஏதாவது ஒண்ண வித்துப்போடுங்க" என்றார். அப்பா முகம் வாடிப்போனது. பிறகு, "சரி, பைக்க வித்தர்றேன்" என்றார். மறுநாள் அம்மா வைத்த குழம்பில் உப்பு இரண்டு பங்கு இருந்தது. வெற்றி பெற்ற மகிழ்ச்சியில் கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். ஜலகண்டாபுரத்தில் தறிக்கூடம் வைத்திருக்கும் சுவாமிநாதன் என்பவர் ஞாயிறன்று பைக்கை எடுத்துப்போக வருகிறார். கதவு மேலே தூக்கித் திறக்கும் கார் அவரிடம் இருக்கிறதாம். பைக் இல்லாமல் அது மூளியாக இருக்கிறதாம்.

இப்போது பயங்கரத்துக்கு வருகிறேன். பக்கத்தில் யாரும் இல்லையே?

அத்தை, அப்பா இரண்டு பேராக இருக்கிறார். கார் சனிக்கிழமைகளில் அப்பா காரில் பைபாஸில் இருப்பார். ராசப்பன் மாமா அனுப்பும் போட்டோவிலும் தெரிவார். அதே நேரத்தில் ஆட்டையாம்பட்டி ரோட்டில் அப்பா பைக்கிலும் போகிறார்! என் தோழி பிரவீனா பார்த்திருக்கிறாள். "உங்கப்பா பைக்ல சர்ருனு போனாரு புள்ள. கையக் காட்டுனேன், திரும்பியே பாக்கல. ஏன் இத்தன திமிரு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். பால் சொசைட்டியில் இருப்பவரும் பார்த்திருக்கிறார். "சபரிநாதன் இப்பத்தான் நிமிந்து உக்காந்து ஓட்டறாப்ல, முன்னெல்லாம் கூன் போட்டுல்ல ஓட்டுவாப்ல" என்று பாராட்டினார். அந்த அப்பா போட்டிருப்பது நம் அப்பாவின் கறுப்புக் கோட்டும் ஹெல்மெட்டும்தானாம்.

முதலில் திருடன் என்று நினைத்தேன். ஆனால் சிறப்பு வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் பைக் கொட்டகையில் நிற்கும். சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன், விரல் பொரிந்துவிட்டது. அம்மா மஞ்சள் போட்டுவிட்டு, எதைத் தொட்டாய் என்று கேட்கவேயில்லை. பைக்கைத் துடைத்தும் வைத்திருக்கிறார்கள். காலையில் கிட்டத்தட்டக் காலியாக இருந்த டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. பெட்ரோல் போட்டுத் துடைத்து வைக்கும் திருடன் நம் மாவட்டத்தில் இருக்கிறானா? அடுத்து பேய் என்று நினைத்தேன், ஆனால் பட்டப்பகலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிற பேயும் கிடையாது. பேய்க்கு மண்டை உடைந்தால் என்ன? இதற்கு நடுவில் என் பள்ளி விளையாட்டு பேன்ட் வேறு, விளையாட்டு வகுப்பே இல்லாத நாளில் துவைத்துக் கொடியில் காய்கிறது. அது வேறு மர்மம், அதை இதில் கலக்கவில்லை.

போன கார் சனியன்று ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கனகாம்பரப் பூ இருந்தது அத்தை. வாடாத பூ.

ஹெல்மெட்டில் பூ என்றால் தலையில் பூ. தலையில் பூ என்றால் பெண். அப்பாவின் பைக்கை, அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அப்பா இல்லாத நேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போகிற பெண் யார்? சாவி இருக்கும் இடம் அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பாதான் கொடுத்திருக்க வேண்டும். இப்போது வெளியில் பைக்கை விற்பதாகச் சொல்லிவிட்டு, சுவாமிநாதன் பெயரைச் சொல்லி அவளுக்கே கொடுக்கிறாரோ என்னவோ. அம்மாவிடம் சொல்லலாமா என்று பூவைக் கையில் மறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா கனகாம்பரம் வைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முனகியபடி, முகமெல்லாம் சிவந்து, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். இந்த முகத்தை எப்படிக் கெடுப்பேன்? பூவை வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

அதனால் அத்தை, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அப்பாவை "டேய் சபரி" என்று அதட்ட உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் உரிமை உண்டு. நாளை கார் சனி, அப்பா இருட்டில்தான் திரும்புவார். முழங்கால் எப்படி இருந்தாலும் பஸ் பிடித்து வந்து, கோழிச் சளியை விசாரிப்பது போல் அப்பாவைத் தனியாகக் கொட்டகைக்கு அழைத்துப் போய், அந்தப் பெண் யார் என்று கேளுங்கள். பைக்கை விற்காமல் நிறுத்தவும் வழி பாருங்கள். ஆனால் அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. அம்மா பாவம், வண்டி வாகனம் எதுவும் தெரியாதவர். தெரிந்தால் இந்த வீடு

கதவைத் தட்டுகிறார்க

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. அப்பா பலகைகளோடு காரில் கிளம்பிவிட்டார். மேலே எழுதிய எதையும் நம்பாதீர்கள். யாரிடமும் காட்ட வேண்டாம் என்று எழுதியதும் வீண். அம்மா கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டார், இரண்டு எழுத்துப்பிழையும் திருத்தினார். பூவை மென்ற இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளையாட்டு பேன்ட் மர்மமும் தீர்ந்தது, அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் போனது அம்மாதான். கல்யாணத்துக்கு முன்பு தம் அண்ணனின் பைக்கில், பிறந்த ஊரான ஜலகண்டாபுரத்திலிருந்து மேட்டூர் வரை போய் வந்தவராம். லைசென்ஸ் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. அவர் விற்கச் சொன்னது காரை. "பைக்க விக்கறேன்னு உங்கப்பன் சொல்லுவாருன்னு நான் கண்டனா?" என்கிறார்.

நான் எல்லோரையும் கேட்ட கேள்வியை அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டா, மோட்டாரு போட்டியா, கோழிக்குத் தண்ணி வந்துதான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க சாமி" என்றார்.

நாளை சுவாமிநாதன் வருவதற்குள் அப்பாவிடம் இதைச் சொல்ல ஆள் வேண்டும். தனியாகச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சமாம். அதனால் நீங்கள் பஸ் பிடிக்க வேண்டாம். இந்தக் கடிதம் தனசேகர் அண்ணனிடம் போகவில்லை. உங்கள் வாசலில் பைக் சத்தம் கேட்டு, கறுப்புக் கோட்டில் தம்பி வந்திருக்கிறான் என்று நீங்கள் கதவைத் திறப்பீர்கள். இதை உங்கள் கையில் கொடுப்பவரின் பின்னால்தான் நீங்கள் ஏறி வர வேண்டும், முழங்காலுக்குத் தலையணை கட்டியிருக்கிறோம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள் அத்தை. மோட்டார் போட்டாயா, கோழிக்குத் தண்ணீர் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.