துருப்பிடித்தவாள் சொன்ன குறைகள்

துறவிகள் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறார்கள் என்று புகார் வந்தபோது டோர்வால்டின் வாயில் பாதி பன் இருந்தது. அதை விழுங்கவும் தோன்றாமல் துப்பவும் தோன்றாமல் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷெவ்டே நகரத்தில் அவன் வேலை பார்த்த சின்ன நிறுவனம், 'கோட்டையும் கொழுவும்' என்ற கணினி விளையாட்டை நடத்திவந்தது. ஆடுகிறவர் அந்தக் காலத்து ராஜா. வரி போட வேண்டும், படை திரட்ட வேண்டும், பக்கத்து ராஜா அசந்த நேரம் பார்த்து அவன் கோட்டையைப் பிடிக்க வேண்டும். அதற்கு 'மடாலயங்கள்' என்ற கூடுதல் பாகத்தை டோர்வால்ட் மூன்று வருடம் மாய்ந்து மாய்ந்து செய்திருந்தான். ஒவ்வொரு துறவிக்கும் பெயர் வைத்து, தும்மலுக்குக்கூடத் தனித்தனிக் குரல் கொடுத்திருந்தான். அவர்கள் மேல் அவனுக்கு அப்படி ஒரு பாசம்.

பாகம் வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆடுகிறவர்கள் கருத்துச் சொல்லும் பக்கத்தில் 'துருப்பிடித்தவாள்' என்ற பெயரில் ஓர் ஆசாமி எழுதிவிட்டான்: "துறவிகள் களஞ்சியத்தையே காலி செய்கிறார்கள். குடிமக்கள் பட்டினி. வாங்காதீர்கள்."

ஆமாம் ஆமாம் என்று எண்ணூறு பேர் கீழே கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

"நடுக்கோடைத் திருநாளுக்குள்ள பாதிப் பேராவது நல்லா இருக்குன்னு சொல்லணும், டோர்வால்ட்," என்றாள் நிறுவனத்தின் தலைவி குனில்லா. "இல்லேன்னா மடாலயத்தை இழுத்து மூடிட்டு உன்னைக் குதிரை விளையாட்டுக்கு மாத்திடுவேன்."

குதிரை விளையாட்டு என்பது சிறுமிகள் கைபேசியில் குட்டிக்குதிரைக்குப் பிடரிமயிர் சீவி ரிப்பன் கட்டுவது.

"ஒரு நாள் கொடு, குனில்லா. துறவிங்க பசியைப் பாதியாக்கிடறேன்."

ஆக்கினான். மடத்தில் சேர்ந்தால் பாதிச் சோற்றிலேயே பஞ்சத்திலும் உயிர் தங்கும் என்று கண்டுகொண்ட குடியானவர்கள், கலப்பையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்று மொட்டையடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

"என் நாட்டில் ஏழாயிரம் துறவிகள், ஒரே ஓர் உழவன்," என்று எழுதினான் துருப்பிடித்தவாள். "அவனும் இன்று தலையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். வாங்காதீர்கள்."

"அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றான் பக்கத்து மேசை ஹாம்புஸ். "மடத்தை விட்டு வெளிய வர ஒரு வழி வை. பிடிக்காதவன் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போகட்டும்."

டோர்வால்ட் வழி வைத்தான். யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று வரையறுக்க மட்டும் மறந்துவிட்டான்.

"போர்க்களத்தில் ஜெயித்து வீடு திரும்பினேன். என் ராணி, சமையல்கட்டுத் துறவியோடு டென்மார்க் போய்விட்டாள். வாங்காதீர்கள்."

ஹாம்புஸ் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான். "பிஷப்புங்க எதுக்கு இருக்காங்க? ஒழுக்கம் கெட்டவன் யாரா இருந்தாலும் பிடிச்சு உள்ள போடச் சொல்லு."

சொன்னான். வாரம் முடிவதற்குள் ஐரோப்பாவின் ராஜாக்களில் முக்கால்வாசிப் பேர் உள்ளே இருந்தார்கள்.

"என் ஆட்டம் சிறையில் ஆரம்பித்துச் சிறையிலேயே முடிகிறது. எலி பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு ராஜாங்கம் இல்லை. வாங்காதீர்கள்."

இந்த முறை மூவாயிரம் கட்டைவிரல்கள். குனில்லா டோர்வால்டின் மேசையில் ஒரு ரோஸ் நிறச் சீப்பை வைத்துவிட்டுப் போனாள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்தது. கருத்து எழுதுகிறவர் பெயருக்குக் கீழே அவர் எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறார் என்றும் காட்டும்.

"ஹாம்புஸ், இங்க பாரேன். ஆடவே லாயக்கில்லேங்கறான். ஆனா வெளிவந்த நாள்லேருந்து வேலைக்குப் போற நேரம், தூங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதைத்தான் ஆடிக்கிட்டிருக்கான். ஏன்?"

"உன் மேல அவ்வளவு வன்மம்."

"வன்மம் பிடிச்சவன்கூட நடுவுல சாப்பிட எழுந்திருப்பான்டா!"

பொறுக்கமாட்டாமல் அந்த ஆசாமிக்கே எழுதிக் கேட்டுவிட்டான். பதில் உடனே வந்தது: "நேரில் வாருங்கள். லிட்ஷெப்பிங்கில் பல் மருத்துவராக இருக்கிறேன். பெயர் இங்வே."

மறுநாளே பேருந்து பிடித்துப் போனான். இங்வே தலை நரைத்த, சிவந்த கன்னங்களுள்ள மனிதர். ஓடி வந்து இரண்டு கைகளாலும் டோர்வால்டின் கையைப் பிடித்துக்கொண்டார். அறையில் உட்கார இருந்தது ஒரே நாற்காலி. நோயாளியைச் சாய்க்கும் நாற்காலி.

"உட்காருங்க, உட்காருங்க! மடாலயம் கட்டின கையா இது! என் ராணியைக் கூட்டிக்கிட்டு ஓடினானே, அந்தத் துறவியோட தும்மல்கூட எனக்கு மனப்பாடம்."

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும், இங்வே. இவ்வளவு மோசம்னா எதுக்கு இத்தனை நேரம் ஆடு..."

"வாயைத் திறங்க."

அந்த நாற்காலியில் அந்தக் குரலைக் கேட்டால் திறக்காதவர் யார்? டோர்வால்டும் திறந்துவிட்டான்.

"அடடா, கடைவாய்ப் பல்லுல ஓட்டை!"

"அது கிடக்கட்டும். அப்படி என்னதான் குறைன்னு சொன்னீங்கன்னா..."

"இன்னும் கொஞ்சம் அகலமா." ஊசி இறங்கியது.

வெளியே வந்தபோது பல் அடைபட்டிருந்தது. கேள்வி அப்படியே இருந்தது. பாதி முகம் மரத்து, உதடு யாருடையதோபோல் தொங்கியது. முன்னறையில் இருந்த உதவியாளர் மைப்ரிட் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த விளையாட்டு செஞ்சவரா? காலையிலேருந்து இங்வேக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ஏ... ஏங்... மோ... மோழம்..." என்று டோர்வால்ட் கணினித் தட்டச்சுப் பலகையைத் தட்டுவதுபோல் விரல்களை ஆட்டிக் காட்டினான்.

"மோசம்னு எழுதுறாரே, ஏன்னு கேட்கறீங்களா?" மைப்ரிட் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மோசமாவது, மண்ணாவது! வந்த அன்னிக்கே, இதுமாதிரி ஒரு ஆட்டம் உலகத்துல கிடையாதுன்னு கண்ணு கலங்கிட்டாரு. ஆடுறவங்க பட்டியல்ல இப்ப முதல் ராஜா அவருதான். இன்னும் நாலு பேரு வாங்கி ஆட வந்தா கிரீடம் போயிடுமேன்னுதான் வாசல்லயே நின்னு விரட்டிக்கிட்டிருக்காரு!"