காருக்கு ஊற்றிக்கொடுத்தவர்

சாவதற்குள் ஒருமுறையாவது தன் கார் சீறுவதைக் காதாரக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இளங்கோவன் முடிவு செய்தார்.

திருத்தணி பஜாரில் அவருக்கு லுங்கி மொத்த வியாபாரம். தொப்பையும் வழுக்கையும் போட்டி போட்டு வளர்கிற வயசு. அந்த வயசில்தான், சென்னையில் யாரோ ஓட்டி அலுத்த டர்போ கார் ஒன்றைப் பிடித்து வந்தார். ரத்தச் சிவப்பு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வாரம் பூராவும் உறை போர்த்தித் தூங்கும். மனைவி பிரபாவதி அதில் ஏறியது பூஜை போட்ட அன்றைக்கு மட்டும்தான். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் அம்மாவைப் பார்க்க அவள் பஸ்ஸில்தான் போவாள்.

"பள்ளத்துல அடி தட்டும் பிரபா. இது சும்மா வண்டி இல்ல, பெர்ஃபாமன்ஸ் வண்டி" என்பார்.

"இன்னா பெர்ஃபாமன்ஸு? நாடகத்துல நடிக்கப் போவுதா?" என்பாள்.

அந்த ஞாயிறு, கொல்லைப்புறத்தில் இரண்டு கேன்களோடு குந்தியிருந்தார். ஒன்றில் பிரீமியம் பெட்ரோல். இன்னொன்றில் எத்தனால். மெக்கானிக் முருகவேல் அதற்கேற்றபடி வண்டியின் கம்ப்யூட்டரை ஏற்கெனவே திருத்திக் கொடுத்திருந்தான். சமையலறையிலிருந்து எண்ணெய்ப் புனலைச் சுட்டுக்கொண்டு வந்து ஊற்ற ஆரம்பித்தார். பின்னாலேயே பிரபாவதி வந்துவிட்டாள்.

"இன்னாங்க நாத்தம் இது? காலங்காத்தாலயே ஊத்திக்கினீங்களா?"

"ஐயோ, எனக்கில்ல பிரபா. வண்டிக்கு!"

"வண்டிக்கா? அப்ப போலீஸ்காரன் வண்டியைத்தான் ஊதச் சொல்லுவானா?"

"இது சாராயம் இல்ல. எத்தனால். கரும்புல இருந்து எடுக்கிறது. மூணு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு கலந்தா வண்டி சீறும், ஆக்டேன் ஏறும்."

"ஆட்டம் ஏறும்னு சொல்லுங்க. பால்ல தண்ணி கலந்தா கலப்படம், பெட்ரோல்ல இதைக் கலந்தா பெர்ஃபாமன்ஸா?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, இது கெட்டுப் போவாதா?"

இளங்கோவனுக்கு உச்சி குளிர்ந்தது. கார் வந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவள் மரியாதையாகக் கேட்ட முதல் கேள்வி!

"அங்கதான் இருக்கு சூட்சுமம்! எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ரொம்ப நாள் நிறுத்தி வச்சா தண்ணி பிரிஞ்சி அடியில தங்கிடும். இன்ஜின் காலி. வண்டி ஓடிக்கினே இருக்கணும்."

"ஓடிக்கினே இருக்கணுமா?"

"ஆங்!"

"நின்னா கெட்டுடும்?"

"கெட்டுடும்!"

பிரபாவதி பவ்யமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் பவ்யமாகத் தலையாட்டியபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. திருப்பதி சாலைக்குப் போனார். ஆள் இல்லாத இடம் பார்த்து மிதித்தார். வண்டி சீறியது. பின்கண்ணாடியில் மலைக்கோயில் மிளகளவு ஆனது. "முருகா!" என்று கத்தினார். பக்தியா பயமா என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பி வந்து, புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வண்டிக்கு உறை போர்த்தினார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பிரபாவதி ஜன்னலோரம் நின்று உச்சுக்கொட்டினாள்.

"ஈரம் இழுக்குமேங்க. டேங்க்ல பாதிக்கு மேல இருக்கு. பாவம், இன்ஜினு."

இளங்கோவன் சாவியை எடுத்தார். "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்துடட்டா?"

"சும்மா எதுக்குச் சுத்தணும்? எங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம்."

போனார்கள். அங்கிருந்து திரும்பும்போது மாமியார் ஜெயம்மாள் மடியில் பலாப்பழத்தோடு முன் சீட்டில் இருந்தாள். வேகமுள் லேசாக அசைந்தாலும், "மெதுவா மாப்ளே, வயித்தைப் பெரட்டுது" என்றாள். டர்போ கார் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் அடக்க ஒடுக்கமாக ஊர்ந்தது. வீட்டு வாசலில் ஜெயம்மாளைப் பள்ளத்திலிருந்து தூக்குகிற மாதிரி இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள்.

அடுத்து மணவூரில் ஒரு நிச்சயதார்த்தம். அப்புறம் ஜெயம்மாளுக்குத் திருவள்ளூரில் கண் டாக்டர். "நின்னா கெட்டுடும்னு மாப்ளதான் சொன்னாராம்" என்று போகிற இடமெல்லாம் அந்தம்மாள் பெருமையடித்தாள். சீட்டெல்லாம் முறுக்குத் தூள்.

டேங்க் காலியான அன்று இளங்கோவன் விடுதலை அடைந்தார். பங்க்குக்குப் போய்ச் சாதா பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, வீரமாக வந்து வாசலில் நிறுத்தினார்.

"பிரபா! கலக்குற வேலையே இனிமே கிடையாது. முருகவேல் கிட்ட சொல்லி கம்ப்யூட்டரையும் பழையபடி மாத்திட்டேன். எத்தனால் இல்ல. நிறுத்தி வச்சா ஒண்ணும் ஆவாது!"

"பங்க்குல ஒட்டியிருக்கிற போர்டைப் பார்க்கலையா நீங்க?" என்றாள் பிரபாவதி, தலையில் பூ வைத்துக்கொண்டே. "சாதா பெட்ரோல்லயே நூத்துக்கு இருபது எத்தனால் கலந்துதான் வருதாமே."

இளங்கோவன் உறையைத் தேடித் திரும்பிப் பார்த்தார்.

முன் சீட்டில் மாமியார் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.